ஹாப்ஸை எப்போது போடுவது

நான் முதன்முதலில் காய்ச்சிய பீர் கசந்தது. பீர் என்றால் கசக்கத்தான் வேண்டும். ஆனால் அதில் கசப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப்ஸ் என்ற பூ. அதில் கேஸ்கேட் என்ற ரகத்தை 19 லிட்டருக்கு 85 கிராம் போட்டிருந்தேன். பொட்டலத்தைப் பிரித்ததும் பம்பளிமாஸ் தோலை உரித்த மாதிரி குப்பென்று வந்த வாசனைக்கு ஆசைப்பட்டுத்தான் அத்தனையும் போட்டேன். மூன்று வாரம் கழித்து முதல் பாட்டிலைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனால் வெந்த தானிய வாசனை மட்டும் வந்தது. நாக்கில் பட்டால் வேப்பங்கொழுந்து.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஒரு பாட்டில் கொடுத்தேன். நாற்பது வருடமாக வீட்டில் பீர் காய்ச்சுகிறவர் அவர். ஒரு வாய் குடித்துவிட்டு, "ஹாப்ஸை எப்போது போட்டாய்?" என்று கேட்டார். எவ்வளவு என்று கேட்கவில்லை. கொதி வந்ததும் மொத்தமாகப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன் என்றேன். "அன்றைக்கு உன் கராஜிலிருந்து தெரு முழுக்க மணத்தது. வெளியே போன வாசனை திரும்பி வருமா?" என்றார்.

அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கி ஏழு வருடமாகக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். பீர் காய்ச்சுவதன் அரிச்சுவடி எனக்குத் தெரிந்தவரை எல்லா இடத்திலும் கிடைக்கிறது. ஹாப்ஸின் மணத்தைக் கொதிகலனிலிருந்து கோப்பைவரை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதைத்தான் நான் பலமுறை தவறவிட்டுக் கற்றேன்.

நாங்கள் இருப்பது ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்டை ஒட்டிய பீவர்ட்டனில். ஹாப்ஸ் விளையும் பூமி. காரில் மூன்று மணி நேரம் போனால் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கு. அமெரிக்காவில் விளையும் ஹாப்ஸில் ஏறக்குறைய முக்கால் பங்கு அங்கேதான் விளைகிறது. தெற்கே வில்லாமெட் பள்ளத்தாக்கு. அங்கே கோர்வாலிஸ் ஊரில் உருவாக்கி 1972இல் வெளியிட்ட ரகம்தான் கேஸ்கேட். இங்கே வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி சரி. 1978இல் அன்றைய அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதற்கு வழிவிட்டது: ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 100 கேலன், பெரியவர்கள் இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது குற்றம். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் தெரிந்துகொள்வதற்காகப் படியுங்கள், செய்து பார்ப்பதற்காக அல்ல.

ஹாப்ஸ் ஒரு கொடி. பெண் கொடியில் பூக்கும் சின்னக் கூம்பு போன்ற பச்சைப் பூவைத்தான் காயவைத்துப் பயன்படுத்துகிறோம். பெரியவர் தன் வேலியில் ஏற்றியிருந்த கேஸ்கேட் கொடியிலிருந்து ஒரு பூவைக் கிள்ளி, நடுவே கிழித்துக் காட்டினார். இதழ்களின் அடியில் மகரந்தம் போல மஞ்சள் பொடி ஒட்டியிருந்தது. லுபுலின் என்று அதற்குப் பெயர். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்க்கச் சொன்னார். தேய்க்கத் தேய்க்கக் கை பிசுபிசுத்தது. சூடேறியதும் முதலில் நார்த்தங்காய்த் தோல், பிறகு பைன் மரப் பிசின், கடைசியில் பூ வாசனை என்று ஒவ்வொன்றாக எழும்பி வந்தது. இரண்டு முறை சோப்பு போட்டுக் கழுவியும் ராத்திரிவரை விரலில் இருந்தது.

அந்த மஞ்சள் பொடியில் இரண்டு சரக்கு இருக்கிறது, இரண்டின் குணமும் நேர் எதிர். ஒன்று ஆல்ஃபா அமிலம். அது சும்மா போட்டால் நீரில் சரியாகக் கரையாது. கொதிக்கக் கொதிக்க அதன் அமைப்பு மாறி, கரைந்து, கசப்பாகும். எவ்வளவு நேரம் கொதிக்கிறதோ அவ்வளவு கசப்பு. மற்றது எண்ணெய். வாசனையெல்லாம் இதில்தான். கொத்தமல்லி விதைக்கு மணம் தருகிற லினலூல் இதில் உண்டு. ரோஜாவில் இருக்கும் ஜெரானியால் உண்டு. மிளகிலும் கிராம்பிலும் இருக்கும் கேரியோஃபிலீன் உண்டு. பெரும்பாலான அமெரிக்க ரகங்களில் அளவில் முன்னால் நிற்பது மிர்சீன். மாங்காய்க் காம்பைக் கிள்ளினால் வடியும் பாலில் இருக்கிற அதே பொருள். இந்த எண்ணெய்கள் கொதிக்கும்போது ஆவியோடு கிளம்பிவிடும். என் முதல் பீரில் ஆல்ஃபா அமிலம் ஒரு மணி நேரமும் தன் வேலையைச் செய்தது. எண்ணெய் கராஜ் கதவு வழியாகத் தெருவுக்குப் போனது.

கணக்காகவும் சொல்லிவிடுகிறேன். ஆல்ஃபா அமிலம் 6 சதவீதம் உள்ள கேஸ்கேட் 28 கிராமை, 1.050 அடர்த்தியுள்ள 19 லிட்டர் வோர்ட்டில் போட்டால், வீட்டுக் காய்ச்சல்காரர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் டின்செத் சூத்திரப்படி, 60 நிமிடக் கொதிக்குக் கசப்பு ஏறக்குறைய 20 ஐபியூ. 15 நிமிடத்துக்கு 10. 5 நிமிடத்துக்கு 4. (வோர்ட் என்பது, முளைகட்டிக் காயவைத்த பார்லியான மால்ட்டை அரைத்து, 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடிக்கும் இனிப்புச் சாறு. ஐபியூ கசப்பின் அலகு. அடர்த்தி என்பது தண்ணீரை 1.000 என்று வைத்துச் சொல்வது.) வாசனை இதற்கு நேர்மாறாகப் போகிறது. அதற்குத்தான் சூத்திரம் இல்லை, மூக்குதான்.

அந்த வருடம் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு இருந்தாள். வீட்டில் பீர் காய்ச்சுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. அதை அவள் மறைக்கவும் இல்லை. ஒருநாள் நான் ரசத்தை அடுப்பில் வைத்துவிட்டு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தேன். "ஏ ஐயா, ரசத்தக் கொதிக்க விட்றாத. நுரை கூடி வந்ததும் எறக்கிறணும். கொதிச்சா வாசனையெல்லாம் போயிரும்" என்றபடி அவளே வந்து அடுப்பை அணைத்தாள். இறக்கிய பிறகுதான் கொத்தமல்லித்தழையைக் கிள்ளிப் போட்டு மூடினாள். சின்ன வயதிலிருந்து நூறு தடவை கேட்ட வார்த்தை. புளியும் பருப்பும் வேக வேண்டியது வேறு நேரம், தழை விழ வேண்டியது வேறு நேரம் என்று எங்கள் வீட்டு அடுப்பில் எப்போதும் நடந்ததை, அந்த நிமிடம்தான் கொதிகலனோடு சேர்த்துப் பார்த்தேன்.

அடுத்த மாதம் ஒரு சோதனை செய்தேன். புதிதாக ஆரம்பிக்கிற யாருக்கும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். பத்துப் பக்கம் படிப்பதைவிட இது அதிகம் கற்றுத்தரும்.

18 லிட்டர் வோர்ட்டை, கசப்புக்கு மட்டும் மேக்னம் என்ற ஹாப்ஸ் 15 கிராம் போட்டு, ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தேன். பிறகு அதை நான்காகப் பிரித்தேன், நாலரை லிட்டர் வீதம். முதல் பானையை மறுபடி அடுப்பில் ஏற்றி, 10 கிராம் கேஸ்கேட் போட்டு 15 நிமிடம் கொதிக்கவிட்டேன். இரண்டாவதை 77 டிகிரிக்கு ஆறவிட்டு, அதே 10 கிராமைப் போட்டு, மூடி, 20 நிமிடம் வைத்தேன். மூன்றாவதை அப்படியே குளிரவைத்து, நொதித்து முடிந்த பிறகு 10 கிராமைப் போட்டேன். இதற்குத்தான் ட்ரை ஹாப்பிங் என்று பெயர். நான்காவதில் ஒன்றும் போடவில்லை. நான்குக்கும் ஒரே ஈஸ்ட், ஒரே அலமாரி.

ஒரு மாதம் கழித்து நான்கு கிளாஸை வரிசையாக வைத்து நானும் மனைவியும் பெரியவரும் முகர்ந்தோம். எது எது என்று எங்களுக்குத் தெரியாதபடி பெரியவரின் மனைவி ஊற்றிக் கொடுத்தார். 15 நிமிடம் கொதித்ததில் மூக்குக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் குடித்தபோது நாக்கில் ஆரஞ்சுத் தோலைச் சர்க்கரைப் பாகில் ஊறப்போட்ட மாதிரி ஒரு சுவை, கொஞ்சம் கூடுதல் கசப்போடு தங்கியது. 77 டிகிரியில் ஊறியது எங்கள் மூவருக்குமே பிடித்தது: மூக்கிலும் இருந்தது, நாக்கிலும் இருந்தது, பழச்சாறு போல ஒரு நிறைவு. ட்ரை ஹாப் போட்டதுதான் கிளாஸைத் தூக்குமுன்பே மணத்தது. இப்போதுதான் உரித்த தோல், கூடவே வெட்டிய புல். ஆனால் குடித்தால் மணம் அளவுக்குச் சுவை இல்லை, நடுவே வெற்றிடம். என் மனைவி சொன்னாள், "இது பக்கத்து வீட்ல சமைக்கிற மாதிரி இருக்கு. வாசனை வருது, சாப்பாடு வரல."

அன்றிலிருந்து நான் எந்த ஒரு நேரத்தையும் மட்டும் நம்புவதில்லை. கசப்புக்கு ஆரம்பத்தில் கொஞ்சம், சுவைக்கும் நிறைவுக்கும் இறக்கிய பிறகு நிறைய, மூக்குக்குக் கடைசியில் ட்ரை ஹாப். நடுவில் வருகிற 30 நிமிடம், 20 நிமிடம் என்ற பழைய தவணைகளை அமெரிக்க ரகங்களுக்கு விட்டேவிட்டேன். கசப்பும் பாதி, வாசனையும் பாதி என்று அவை எதையும் முழுதாகத் தருவதில்லை. ஸாஸ், ஹாலர்டாவ் மாதிரி அடக்கமான ஐரோப்பிய ரகங்கள் வேறு கதை; பில்ஸ்னர் என்ற வெளிர் பீரைக் காய்ச்சும்போது கொதி முடிய 10, 15 நிமிடம் இருக்கையில் ஸாஸ் போடுவதை நான் மாற்ற மாட்டேன். அந்த மெல்லிய மூலிகைச் சுவைக்கு அதுவே போதும், ட்ரை ஹாப் போட்டால் பில்ஸ்னர் பில்ஸ்னராக இருக்காது.

இறக்கிய பிறகு போடுவதில் நான் செய்த தவறு ஒன்று. அடுப்பை அணைத்தால் போதும் என்று நினைத்து, 98 டிகிரியில் இருந்த வோர்ட்டில் 100 கிராம் சென்டெனியல் ஹாப்ஸ் போட்டு அரை மணி நேரம் விட்டுவிட்டேன். அடுப்பு அணைந்ததே தவிர 20 லிட்டர் வோர்ட் அவ்வளவு சீக்கிரம் ஆறுமா? கசப்பு ஏறிக்கொண்டேதான் இருந்தது. 40 ஐபியூ எதிர்பார்த்த பீர் தொண்டையைப் பிடித்தது. வெப்பம் 80 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் ஆல்ஃபா அமிலம் கசப்பாக மாறுவது நன்றாகக் குறைகிறது. அதனால் இப்போது செப்புச் சுருள் கூலரை உள்ளே இறக்கித் தண்ணீரைத் திறந்துவிட்டு, 77 டிகிரி காட்டியதும் தண்ணீரை மூடுவேன். ஹாப்ஸைக் கொட்டி, நீளக் கரண்டியால் ஒரே திசையில் சுழற்றி, மூடி போட்டு, 25 நிமிடம். இடையில் இரண்டு தடவை சுழற்றல். பிறகு மறுபடி தண்ணீரைத் திறந்து 18 டிகிரிக்குக் கொண்டுவருவேன். இந்த 25 நிமிடத்தில் கராஜில் வாசனையே வராது. முதல் தடவை எனக்குச் சந்தேகமாகவே இருந்தது, ஹாப்ஸ் பழையதோ என்று. மூடியைத் திறந்தபோது முகத்தில் அடித்தது.

ட்ரை ஹாப்பிங்கில் பட்டதுதான் அதிகம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நேரம். இரண்டு வாரம் ஊறவைத்தால் இரண்டு மடங்கு மணக்கும் என்று எண்ணி, 22 டிகிரியில் 14 நாள் விட்டேன். வந்தது புல் வெட்டிய தோட்டமும் ஆறிப்போன டிகாஷனில் வருகிற துவர்ப்பும். பெல்லட்டிலிருந்து (ஹாப்ஸைப் பொடித்து அழுத்திய சின்ன உருளை) எண்ணெய் பீருக்கு இறங்க ஒன்றிரண்டு நாளே போதும். அதன் பிறகு இறங்குவது இலையின் துவர்ப்பு. நான் இப்போது மூன்று நாளுக்கு மேல் விடுவதில்லை, 16 டிகிரி பக்கம்.

அடுத்தது அளவு. கூடப் போட்டால் கூட மணக்கும் என்பது ஓர் எல்லை வரைக்கும்தான். இதைக் கோர்வாலிஸில் உள்ள ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாம் ஷெல்ஹாமரின் குழு கேஸ்கேட்டை வைத்தே சோதித்து 2018இல் வெளியிட்டது: லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டினால் மணம் அதற்கேற்பக் கூடுவதில்லை, எலுமிச்சை இனத்து வாசனை பின்வாங்கி மூலிகை, தேயிலை வாசனை முன்னால் வருகிறது. வீட்டில் பேல் ஏல் என்ற பீர் வகைக்கு லிட்டருக்கு 3 கிராம், அதைவிட ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏவுக்கு (இந்தியா பேல் ஏல்) 5 அல்லது 6 கிராம் என்று நான் நின்றுகொண்டேன். என் நண்பர்களில் சிலர் 15 கிராம் போடுகிறார்கள். அவர்கள் பீரை நான் விரும்பிக் குடிக்கிறேன், ஆனால் அந்தக் காசுக்கு அது தகாது என்பதே என் எண்ணம்.

மூன்றாவதாகச் சொல்வது பாதுகாப்பு பற்றி. தயவுசெய்து இதை மட்டுமாவது படியுங்கள். ஒரு ஐபிஏ நொதித்து முடிந்து, அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.012 காட்டியது. ட்ரை ஹாப் போட்டு, மூன்று நாள் கழித்து, மறுபடி அளக்காமல், வழக்கமான சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் அடைத்தேன். மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி கராஜில் வெடிச் சத்தம். போய்ப் பார்த்தால் ஒரு பாட்டில் சிதறி, கண்ணாடித் துண்டு அட்டைப் பெட்டியைத் துளைத்து எதிர்ச் சுவர் அருகே கிடந்தது. பகலில் என் மகள் அங்கேதான் சைக்கிள் எடுக்கப் போவாள்.

காரணம் ஹாப்ஸில் உள்ள நொதிகள். ஈஸ்ட் சாப்பிட முடியாமல் மிச்சம் வைக்கிற பெரிய சர்க்கரைகளை அவை உடைத்துக் கொடுக்கின்றன. ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்கிவிடுகிறது. இங்கிலாந்தில் பிரௌன், மோரிஸ் என்ற இருவர் 1893இலேயே இதை எழுதிவைத்தார்கள். இன்றைக்கு இதை ஹாப் க்ரீப் என்கிறார்கள். அடர்த்தி 1.012இலிருந்து 1.009க்கு இறங்கினால், அந்த மூன்று புள்ளிக்கே, பீரின் கொள்ளளவைப் போல ஏறக்குறைய ஒன்றரை பங்கு வாயு கூடுதலாக உருவாகும். சர்க்கரை சேர்த்து வருகிற இரண்டரை பங்கோடு அதுவும் சேர்ந்தால் நான்கு பங்கு. சாதாரண பீர் பாட்டில் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. மிச்ச பாட்டில்களைப் பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக மூடி தளர்த்தி வாயுவை விட்டேன். இப்போது ட்ரை ஹாப்புக்குப் பிறகு அளக்கிறேன், மூன்று நாள் விட்டு மறுபடி அளக்கிறேன். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் பாட்டில். அவசரப்பட்டால் வெண்ணெய் தடவிய பாப்கார்ன் வாசனையும் வரும். அதுவும் மறுபடி தொடங்கிய நொதித்தலின் மிச்சம்தான், ஈஸ்ட்டுக்கு இன்னும் இரண்டு நாள் கொடுத்தால் அதுவே சுத்தம் செய்துவிடும்.

பிறகு காற்று. கலங்கலாக, மாம்பழச் சாறு நிறத்தில் இருக்கும் ஹேஸி ஐபிஏ ஒன்றை மிகுந்த ஆசையோடு காய்ச்சினேன். ட்ரை ஹாப் போடுவதற்காக ஒரு கலனிலிருந்து இன்னொரு கலனுக்குக் குழாய் வழியே மாற்றினேன். அந்தக் காலப் புத்தகங்கள் அப்படித்தான் சொல்லின. பத்தாவது நாள் நிறம் நறுக்கி வைத்த வாழைக்காய் மாதிரி கருக்க ஆரம்பித்தது. மூன்றாவது வாரம் நனைந்த அட்டை வாசனை. காற்றில் உள்ள ஆக்சிஜன் முதலில் தின்பது ஹாப்ஸ் மணத்தைத்தான். அதிகம் ஹாப்ஸ் போட்ட பீர்தான் அதிகம் கெடுகிறது. அதன் பிறகு நான் கலன் மாற்றுவதே இல்லை. நொதித்தல் முடிய இன்னும் மூன்று நான்கு புள்ளி இருக்கும்போது ஹாப்ஸ் உள்ளே போய்விடும். கூட வருகிற கொஞ்சம் காற்றை ஈஸ்ட்டே எடுத்துக்கொள்ளும், எழும்புகிற வாயு மிச்சத்தை வெளியே தள்ளும். ஈஸ்ட் வேலையில் இருக்கும்போது ஜெரானியாலைச் சிட்ரோனெல்லோலாக மாற்றி எலுமிச்சைப் பக்கம் கொண்டுபோகிறது என்பதும் உண்மை. ஆனால் நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது போட்டால் பொங்குகிற வாயுவோடு மணமும் போகிறது. என் மூக்குக்கு அது நட்டம். கடைசி மூன்று புள்ளி, அதுதான் எனக்குச் சரிப்பட்டது.

மூடியைத் திறக்காமல் போட ஒரு வழியும் கற்றேன். ஹாப்ஸைச் சுத்திகரித்த துணிப் பையில் கட்டி, பைக்குள் பிளாஸ்டிக் உறையிட்ட காந்தம் ஒன்றை வைத்து, முதல் நாளே நொதிகலனின் உட்புற மேல்சுவரில் வெளியே இன்னொரு காந்தத்தால் பிடித்து நிறுத்திவிடுவேன். பிளாஸ்டிக் கலனாகவோ கண்ணாடியாகவோ இருக்க வேண்டும். ஐந்தாறு நாள் கழித்து வெளிக் காந்தத்தை எடுத்தால் பை தொப்பென்று பீருக்குள் விழும். பையை இறுக்கிக் கட்டக் கூடாது. பெல்லட் ஊறி மூன்று நான்கு மடங்கு பெருக்கும். இறுகினால் நடுவே உள்ளது காய்ந்தே கிடக்கும். நானே ஒருமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

ஹாப்ஸ் வாங்குவதில் ஒன்றிரண்டு. பொட்டலத்தில் அறுவடை ஆண்டும் ஆல்ஃபா சதவீதமும் அச்சிட்டிருக்கும், இரண்டையும் பாருங்கள். கடை வெளிச்சத்தில் அலமாரியில் தொங்கும் பொட்டலத்தைத் தொடாதீர்கள், குளிர்பெட்டியில் இருப்பதைக் கேளுங்கள். பழசான ஹாப்ஸ் கெட்ட பாலாடைக்கட்டி மாதிரி நாறும். அப்படி ஒன்று தள்ளுபடியில் கிடைத்தது என்று வாங்கி, ஒரு கலன் பீரையே கொட்டினேன். யாக்கிமாவிலிருந்து நைட்ரஜன் அடைத்து வரும் வெள்ளிப் பொட்டலங்களை எங்கள் ஃப்ரீசரில், தேங்காய்த் துருவலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பிரித்ததைக் காற்றை எடுத்து உடனே மூடிவிட வேண்டும். ரகத்தைப் பொறுத்தவரை கேஸ்கேட்டிலேயே ஒரு வருடம் நின்று பழகுங்கள் என்பேன். சிட்ரா, மொசைக் எல்லாம் அற்புதமானவை. ஆனால் அவை எப்படிப் போட்டாலும் மணக்கும், நம் தவறைக் காட்டிக்கொடுக்காது. கேஸ்கேட் காட்டிக்கொடுத்துவிடும்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டுக் குழாயில் வருவது உப்பு மிகக் குறைந்த மென்னீர். அதில் ஹாப்ஸ் சுவை மழுங்கித் தெரிந்தது. 19 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி ஜிப்சம் சேர்த்ததும் விளிம்பு கூர்மையானது. இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் இயல்பாகவே அதிகம். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கப்பலேறிய பேல் ஏல் அங்கேதான் பெருமளவில் காய்ச்சப்பட்டது. ஐபிஏ என்ற பெயரில் இருக்கும் 'இந்தியா' அதுதான். மதராஸிலும் கல்கத்தாவிலும் இருந்த வெள்ளைக்காரர்களுக்காகப் பீப்பாய்க்குள் ஹாப்ஸைத் திணித்து அனுப்பினார்கள். ட்ரை ஹாப்பிங் இன்றைய கண்டுபிடிப்பு இல்லை.

வீட்டில் நாய் இருந்தால் கவனம். ஊறிய ஹாப்ஸை நான் முதலில் தோட்டத்து உரக்குழியில்தான் கொட்டினேன். பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஓடிவந்து, "அதை மூடு, என் நாய் உன் தோட்டத்துக்கு வரும்" என்றார். ஹாப்ஸ் தின்ற நாய்க்கு உடல் வெப்பம் தாறுமாறாக ஏறும், உயிருக்கே ஆபத்து. கொதித்து ஊறிய ஹாப்ஸும் விதிவிலக்கில்லை. அன்று முதல் கட்டிய பையில் போட்டு மூடியுள்ள குப்பைத் தொட்டியில்தான்.

இப்போது என் பேல் ஏல் இப்படி. 4.5 கிலோ பேல் மால்ட், 300 கிராம் கிரிஸ்டல் 40 மால்ட், 19 லிட்டருக்கு. மேக்னம் 10 கிராம், 60 நிமிடம். கேஸ்கேட் 20 கிராம், கடைசி 5 நிமிடம். கேஸ்கேட்டும் சென்டெனியலும் 25 கிராம் வீதம், 77 டிகிரியில் 25 நிமிடம். ட்ரை ஹாப் கேஸ்கேட் 60 கிராம், மூன்று நாள். பிறகு இரண்டு முறை அளந்து எண் ஒத்துவந்ததும், இரண்டு நாள் 3 டிகிரியில் குளிரவைத்துத் தெளியவிட்டு, பழுப்பு பாட்டில். வெளிச்சம் பட்டால் பீரில் ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றம் வரும், பச்சை, வெள்ளை பாட்டில் அதைத் தடுக்காது. பாட்டிலில் வாயு ஏறிய நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் குடித்துவிடுவோம். அதற்கு மேல் வைத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

செப்டம்பர் வந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். பெரியவரின் வேலிக் கொடியில் பறித்த பச்சைப் பூவை அன்றைக்கே போட்டு ஒரு பீர். பச்சைப் பூவில் எண்பது சதவீதம் தண்ணீர். காய்ந்தது 90 கிராம் வேண்டிய இடத்தில் அரைக் கிலோ போட வேண்டும். பறித்துச் சில மணி நேரத்துக்குள் கொதிகலனுக்குப் போகாவிட்டால் குவியலுக்குள்ளேயே சூடேறி வாடிவிடும். அவரால் இப்போது ஏணி ஏற முடியவில்லை, நான்தான் ஏறுகிறேன். போன சனிக்கிழமை மேலிருந்து ஒரு பூவைக் கிள்ளி அவர் கையில் போட்டேன். விரலால் அமுக்கினார், காகிதம் மாதிரி சலசலத்து மீண்டு வர வேண்டும், அது இன்னும் ஈரத்துணி மாதிரி அமுங்கியது. கிழித்துப் பார்த்தார், பொடி வெளிர் மஞ்சள்தான். முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார். வெள்ளரிக்காய் வாசனை.

"புதன்கிழமை" என்றார். அலுவலகத்தில் புதன்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.